தேத்தண்ணி ஆற்று மடைக்காரர்

மடைப்பலகையில் கை வைப்பதற்கு முன்னால் தம்புசாமி மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் எட்டிப் பார்க்கிறார். தகரத்தில் நல்ல தண்ணீர். அதில் விரல் நீளத்துக்கு மூன்று கெண்டைகள். கழிவுத் தொட்டியிலிருந்து ஒரு கொட்டாங்கச்சி தண்ணீரை மொண்டு உள்ளே ஊற்றுகிறார். பிறகு குந்தி உட்கார்ந்து மீன்களின் செவுளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். செவுள் எப்போதும்போல அடித்தால் சரி. படபடவென்று அடித்தாலோ, மீன் மேலே வந்து வாயைப் பிளந்தாலோ, மூன்றையும் அள்ளிப் பக்கத்துக் குடத்தில் போட்டுவிட்டு, மழைத்தண்ணீர் வாய்க்காலைத் திருப்பித் தொட்டியில் இன்னும் கொஞ்சம் கலக்க விடுகிறார். இந்த மூன்று மீன்களுக்கும் அவர் வைத்திருக்கும் பேர் கிராணிமார்.

"நம்ம கிராணிமாருங்க எழுதுற ரிப்போர்ட்டுல பொய்யே இருக்காது" என்பார். அதையும் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி கனகசபையின் காதில் விழும்படியாகத்தான் சொல்வார். வாய்க்கொழுப்புக்குக் குறைவில்லாத மனிதர்.

கிள்ளானுக்கு வடக்கே, மேரு போகும் சாலையோரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அவருக்கு வேலை. மரத்திலிருந்து வரும் பாலை ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கிப் புகைபோடும் ஆலையைத் தோட்டத்து ஜனங்கள் 'ஸ்டோர்' என்று சொல்வார்கள். உறைந்த பாலிலிருந்து பிரியும் புளித்த தண்ணீரும், தரை கழுவிய தண்ணீரும் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டியில் வந்து தேங்கும். பகல் இரண்டு மணிக்கு ஆபீஸ் மணி அடித்ததும் பலகையைத் தூக்கி அதை ஆற்றில் விடவேண்டும். எட்டு வருஷமாக அந்தப் பலகையைத் தூக்குகிறவர் தம்புசாமி.

ஆறு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. நல்ல வாலிபன் ஓடிவந்து தாண்டினால் அக்கரையில் நிற்பான். மேலே உள்ள சதுப்புக் காட்டிலிருந்து இறங்கி வருவதால் தண்ணீருக்குப் பிறவியிலேயே பால் விடாத தேநீரின் நிறம். அதனால் தேத்தண்ணி ஆறு. "தேத்தண்ணியா இருந்த மட்டும் மீனுக்குச் சொகம். தொரை அதுல பாலை ஊத்தினாரு, எல்லாம் போச்சு" என்பது தம்புசாமி எழுதாமல் விட்டிருக்கும் சரித்திரப் புத்தகம்.

ஆள் நெடுநெடுவென்று இருப்பார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆசிட் தண்ணீரில் ஊறி ஊறி விரல்களின் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அவர்மேல் எப்போதும் ஒரு புளித்த வாடை வீசும். ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் பாசார் சந்தைக்குப் போகும் மாட்டுவண்டியில் அவர் பக்கத்தில் உட்கார ஆள் கிடையாது. அவருக்கு அதில் வருத்தமும் கிடையாது. வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வழியில் வரும் ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் எட்டிப் பார்த்துக்கொண்டே போவார். தண்ணீரைக் கண்டால் இறங்கி, குழந்தையைக் குளிப்பாட்டப் போகிறவளைப் போலப் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். வண்டிக்காரன் திட்டுவான். "இருய்யா, தண்ணி கொதிச்சா மீனுக்கு மூச்சுப் பத்தாது, தெரியுமா ஒனக்கு?" என்று அவனுக்கே பாடம் நடக்கும்.

இந்த ஞானம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வந்ததல்ல. இருபத்தாறாம் வருஷத்துப் பெரிய வெள்ளத்துக்கு முன்பு அவர் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசைவீடு ஒன்றில் இருந்தார். அங்கே கிள்ளான் ஆற்றில் தூண்டில் போட்டுப் பார்த்த ஆள். மேலே ஈயச் சுரங்கக்காரர்கள் மலையைக் கரைத்து விட்ட சேறு முழுவதும் ஆற்றோடு வரும். பிடிபட்ட மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புக்குப் பதில் மஞ்சள் மண் அப்பிக்கிடக்கும். "நமக்கு மூக்குல மண்ணை அடைச்சா எப்படி? அப்படித்தான் அதுக்கும்." வெள்ளம் வீட்டை அடித்துப்போனபின் மேருப் பக்கம் வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் தெளிந்த தண்ணீரையும் பார்த்தார். அதைக் கெடுக்கும் வேலையும் அவருக்கே கிடைத்தது. தலையெழுத்தைப் பாருங்கள்!

எல்லா மீனும் ஒன்றல்ல என்று அவர் சொல்வார். விராலும் தேளியும் எமகாதகப் பயல்கள். தண்ணீர் கெட்டால் மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுப் போய்விடும். கெண்டைக்கு அந்த வித்தை தெரியாது. அதற்குத் தண்ணீரிலேயே மூச்சு வேண்டும். ஐப்பசி பிறந்து முதல் பெருமழை விழுந்ததும், சினை வைத்த கெண்டைகள் கீழாற்றிலிருந்து கூட்டம் கூட்டமாக எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறும். மலாய்க்காரர்கள் பாயா என்று சொல்லும் அந்தச் சதுப்பில் புதுவெள்ளம் நிற்கும் புல்லுக்குள் போய்த்தான் முட்டையிடும். இந்த ஏற்றம் மொத்தம் நாலு நாள். முதலில் சின்னது ஏறும். பெரிய வயிறுகள் கடைசியில்தான் வரும். எது ஏறினாலும் ஸ்டோர் மடைவாயைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அந்த மடைவாயில்தான், முப்பத்திரண்டாம் வருஷத்து ஐப்பசியில், தம்புசாமி தன் வாழ்நாளில் மறக்க முடியாத காரியத்தைச் செய்தார்.

அன்று காலையிலிருந்து மீன் ஏறிக்கொண்டிருந்தது. தம்புசாமி வெற்றிலையைக்கூட மறந்து கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சந்தோஷம். இரண்டு மணி அடித்தது. தோட்டத்து வாழ்க்கையில் மணி அடித்தால் கை எழும். யோசனை பிறகுதான் வரும். விடியலில் ஆள்பேர் வாசிக்கும் பெரட்டுக்கு ஒரு மணி, பால் எடுக்க ஒரு மணி, மடை திறக்க ஒரு மணி. தம்புசாமியின் கை பலகையைத் தூக்கியது. தூக்கிய பிறகுதான் மனசு 'ஐயையோ' என்றது. பாய்ந்து அழுத்தினார், பலகை இறங்கவில்லை. தண்ணீரின் வேகம் விடவில்லை. வெள்ளை வெளேரென்று கழிவு ஆற்றில் இறங்க, மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. அரைமணி நேரத்தில் ஆறு முழுக்க மல்லாந்த வயிறுகள்.

லயத்து ஜனங்கள் கூடையோடு ஓடி வந்தார்கள். ரப்பர் விலை விழுந்து, கூலியைக் குறைத்து, பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டிருந்த காலம். மிஞ்சின குடும்பங்களுக்குக் கறி என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பாயா மீன்தான். சும்மா கிடைத்தால் விடுவார்களா? பால் வெட்டும் நாகையா, தம்புசாமியை இடுப்போடு கட்டித் தூக்கிவிட்டான். "அண்ணே, மகராசனா இருக்கணும் நீங்க! இன்னிக்கு எல்லா வீட்லயும் ஒங்க பேரைச் சொல்லித்தான் ஒல வைக்கிறோம்!"

அன்று மாலை லயம் முழுக்க மீன் குழம்பு மணந்தது. தம்புசாமியின் பெண்சாதி தங்கமணியும் புளியை ஒரு கை கூடப் போட்டு அமர்க்களமாக வைத்திருந்தாள். அவர் இலையைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார், சோற்றிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். தாங்க முடியாத வெட்கம் அவருக்கு.

மறுவருஷம் அதற்குப் பலன் தெரிந்தது. ஐப்பசியில் ஏறியவை பத்திருபதுதான். அவையும் மடைவாய்ப் புளிப்பை மோந்ததும் திரும்பிப் போய்க் கீழே உள்ள மடுவில் நின்றன. மழை இடைவிட்டு மடுத்தண்ணீர் சூடேறியது. தம்புசாமி ஒன்றைப் பிடித்து வயிற்றைக் கீறினார். உதிரி உதிரியாக இருக்கவேண்டிய சினை, கஞ்சித்தண்ணீராகக் கரைந்திருந்தது. தங்கமணியைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரு, பெத்துக்க எடமில்லாம உள்ளுக்குள்ளயே கரைச்சுக்கிட்டிருக்கு. இன்னொரு ஐப்பசி இப்படிப் போச்சுன்னா இந்த ஆத்துல கெண்டைங்கிற பேரே இருக்காது." அந்தத் தையில் பாயாவில் வைத்த மீன்பறிகள் வெறுமனே வந்தன. லயத்துப் பிள்ளைகள் உப்பும் மிளகாயும் தொட்டுச் சோறு தின்றன.

தம்புசாமி ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். உடும்புப் பிடி. நேரே ஆபீசுக்குப் போனார். யாழ்ப்பாணத்துக்காரரான கனகசபை கெட்டவர் இல்லை. ஆனால் ஒழுங்கு என்று ஒன்று எழுதப்பட்டுவிட்டால் அதைத் தாண்ட அவருக்குக் கால் வராது. தோட்டத்து ரிப்போர்ட்டில் மரத்துக்கு இடம் உண்டு, மாட்டுக்கு இடம் உண்டு, மலேரியாவுக்கும் இடம் உண்டு. மீனுக்கு இல்லை.

"ஐயா, ஏத்தம் ஏறுற நாலு நாளைக்கு மட்டும் பலகையைத் தூக்காம இருந்தாப் போதும்."

"உனக்கென்ன விசரே, தம்புசாமி? தொட்டி நிரம்பினால் ஸ்டோருக்குள்ள தண்ணி வந்திடும். துரை கேட்டால், மீன் ஏறுது எண்டு நான் சொல்லுறதோ?"

"அந்த நாலு நாள் தண்ணியை நான் பாத்துக்கிறேன்யா."

"எங்க வைச்சுப் பாப்பாய்? உன்ர தலையிலயோ?"

அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. தொட்டிக்கு அந்தப் பக்கம், ஆற்றுக்கு எதிர்த்திசையில் சரிந்து போகும் சரளை மண்ணில், தம்புசாமி மண்வெட்டியோடு இறங்கினார். ஆவணியும் புரட்டாசியும் முழுக்க வெட்டினார். வேலை விட்டு வந்து இருட்டும்வரை, ஞாயிறானால் விடிந்ததிலிருந்து. கனகசபை இரண்டுதரம் வந்து குடையை ஊன்றிக்கொண்டு பார்த்தார். வெட்டு என்றும் சொல்லவில்லை, வெட்டாதே என்றும் சொல்லவில்லை. குழியைப் பற்றி எந்த ஒழுங்கிலும் எழுதியிருக்கவில்லை.

"என்னாண்ணே, கெணறா? இல்ல, பாதாளத்துக்கு வழி போடுறீங்களா?" என்று நாகையா தினமும் வந்து கேட்பான். ஒருநாள் நாக்கு கொஞ்சம் நீண்டுவிட்டது. "நண்டைச் சுட்டு நரியைக் காவல் வச்ச கதையாவுல்ல இருக்கு. கொன்னதும் நீங்க, காவலும் நீங்களா? விடுங்கலா அண்ணே!" தம்புசாமி நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு வழக்கத்தைவிட இரண்டு முழம் கூட ஆழம் போயிற்று.

தங்கமணியின் கச்சேரி தனி. "கூரை ஒழுகுது, அதைப் பாக்க ஆளில்ல. மீனுக்குப் பேறுகாலம் பாக்கப் போயிட்டாரு என் மனுசன். ஏங்க, மருத்துவச்சிக் கூலி மீனு குடுக்குமா?" ஆனால் மாலையில் கஞ்சியைத் தூக்கிலே ஊற்றிக் குழிக்கே கொண்டுவந்து கொடுப்பவளும் அவள்தான்.

குழி முடிந்தபோது அது மூன்று நாள் தண்ணீருக்குத்தான் காணும் என்று தெரிந்தது. அடியில் பாறை. நாலாவது நாளுக்கு என்ன செய்வீர்கள் என்று தங்கமணி கேட்டாள். "அன்னிக்குப் பாத்துக்கலாம். நாலாவது நாளைப் பாத்து மொத நாளே பயந்துட்டா எப்படி?"

ஐப்பசி இரண்டாம் வாரம் ஒரு காலையில், வானம் இருண்டு, மழை இன்னும் விழாத நேரம். தகரத்துக்குள் இருந்த மூன்று கிராணிமாரும் ஒரே பக்கம் திரும்பி, தகரத்தின் சுவரில் முட்டிக்கொண்டு நின்றன. மேலாற்றுப் பக்கம். தம்புசாமி தகரத்தை அரைவட்டம் திருப்பி வைத்தார். மூன்றும் திரும்பி, மறுபடி மேலாற்றுப் பக்கமே முட்டின. இன்னொரு தரம் திருப்பினார். ஊகூம். வீட்டைப் பார்த்துக் கத்தினார்: "தங்கம், ஏறப்போவுதுடி!"

மழை கொட்டியது. மீன் ஏறியது. இரண்டு மணிக்குப் பலகையைத் தொடாமல், தொட்டியின் மறுபக்கத்தில் ஒரு துளை உடைத்துக் கழிவைக் குழிக்குத் திருப்பினார். முதல் நாள் போயிற்று, இரண்டாம் நாள் போயிற்று. நாகையா கூடையோடு வந்தான். தம்புசாமி குறுக்கே நின்றார். "ஏறுறதைத் தொடாதே. முட்டையிட்டு எறங்கறப்ப வா, நானே ஒனக்குக் கூடை புடிக்கிறேன்." நாகையா முணுமுணுத்துக்கொண்டே போனான். மூன்றாம் நாள் மாலை குழி விளிம்பு தட்டி நின்றது; துளையை அடைத்துவிட்டார். அதுவரை ஏறியதெல்லாம் சின்னது. பெரிய வயிறுகளைக் காணோம்.

நாலாம் நாள் பகலில்தான் அவை கீழ்மடுவில் தெரிந்தன. அதே நேரத்தில் கனகசபையும் குடையோடு வந்து சேர்ந்தார்.

"நாலு மணிக்குத் துரை ஸ்டோர் பாக்க வாறார். இண்டைக்குப் பலகையைத் திற."

"மாட்டேன்யா."

தோட்டத்தில் கூலிக்காரர் கிராணியைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. கனகசபை குடையை மடக்கி ஊன்றினார்.

"நாலு மணிக்கு ஸ்டோர்த் தரை காய்ஞ்சிருந்தால் எனக்குக் காணும். காயாட்டி, நாளைக்குப் பெரட்டில உன்ர பேர் இராது. விளங்கிச்சோ?"

"காஞ்சிருக்கும்யா."

தம்புசாமி இரண்டு தகரங்களைத் தோள்தடியில் மாட்டினார். தொட்டியில் மொண்டு, சரிவுக்கு அப்பால் இளமரக் காட்டில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு ஓடிவந்தார். மறுபடி மொண்டார். முப்பது நடை ஆயிற்று. தோள் தோல் பிய்ந்தது, சட்டையில் ரத்தம் கசிந்தது. சோறு கொண்டுவந்த தங்கமணி பார்த்தாள். "பைத்தியக்கார மனுசா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று வைதுகொண்டே சேலையை இழுத்துச் செருகி, அவளும் ஒரு தகரத்தைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் பொறுத்து நாகையா வந்தான். கையில் அதே கூடை. பெண்பிள்ளை தலையில் தகரத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. கூடையை ரப்பர் மரத்துக் கிளையில் மாட்டினான்.

"குடுங்க அண்ணி. அன்னிக்கு மூக்கு முட்டத் தின்னவன் நாந்தானே."

அவன் தம்புசாமியின் தோளிலிருந்து தடியையும் பிடுங்கிக்கொண்டான். "நீங்க போயி பலகைகிட்ட நில்லுங்க. அது கசியுது பாருங்க."

நாலு மணிக்குத் துரை வந்தார், காய்ந்த தரையைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டார். அடுத்த நாள் பெரட்டில் தம்புசாமியின் பேரைக் கனகசபையே வாசித்தார். இந்தத் தையில் பாயாவில் பறியைத் தூக்கினால் கெண்டைக் குஞ்சு துள்ளுகிறது. இதெல்லாம் நல்ல சமாசாரம்தான். ஆனால் தம்புசாமி எப்படிப்பட்ட ஆள் என்று தெரிய வேண்டுமானால், அந்த நாலாம் நாள் இரண்டு மணிக்கு அவர் பலகையடியில் நின்றதைப் பார்த்திருக்க வேண்டும்.

முழங்கால் தண்ணீரில் நின்று, பலகை இடுக்கில் களிமண்ணை அப்பிக்கொண்டிருந்தார். தொட்டியில் இன்னும் பாதிக் கழிவு இருந்தது. அவர் காலுக்கு எதிரே, முதுகு தண்ணீருக்கு மேல் தெரியப் பெரிய கெண்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. வயிற்றுக் கனம் தாங்காமல் நின்று நின்று, மூச்சு வாங்கி வாங்கி ஏறின. கரையில் கனகசபை பைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ஆற்றைப் பார்ப்பதுமாக இருந்தார்.

மணி அடித்தது.

தம்புசாமியின் இரண்டு கைகளும் எழுந்தன. அவரைக் கேட்காமலே எழுந்து, பலகையின் பிடியில் போய்ப் படிந்தும்விட்டன. வெடுக்கென்று அவற்றைப் பிடுங்கினார். இரண்டையும் கக்கத்தில் வைத்து இறுக்கிக்கொண்டு, மணியோசை ஓய்ந்து, கடைசிக் கெண்டையின் முதுகு மடைவாயைத் தாண்டும்வரை, அப்படியே நின்றார்.